கோழியும் கில்லட்டினும்

டொரண்டோவில் என் அலுவலகத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கக் கிளம்பினால், ப்ளூர் தெருவில் வார்சிட்டி ஸ்டேடியத்தைத் தாண்டித்தான் போவேன். பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மைதானம் அது. பழைய ஸ்டேடியத்தை 2002இல் இடித்துவிட்டார்கள். இப்போது அதே இடத்தில் அதைவிடச் சிறிய ஸ்டேடியம் ஒன்று இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் மாணவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். 1969 செப்டம்பர் 13 அன்று இந்த மைதானத்தில் ஒரு கோழி செத்தது. அந்தக் கோழியை நினைக்காமல் இந்த வேலியோரமாக என்னால் நடக்க முடிவதில்லை.

அன்று அங்கே நடந்தது ஒரு நாள் முழுவதும் நீண்ட ராக் அண்ட் ரோல் விழா. சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், ஜெர்ரி லீ லூயிஸ் என்று ஐம்பதுகளின் ஜாம்பவான்கள் வந்திருந்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் கடைசி நேரத்தில் ஒப்புக்கொண்டு, மனைவி யோகோ ஓனோவையும் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனையும் சேர்த்துக்கொண்டு லண்டனிலிருந்து விமானம் ஏறி வந்தார். இத்தனை பெரிய பெயர்களுக்கு நடுவே, அதிகம் பேருக்குத் தெரியாத ஐந்து இளைஞர்கள் ஆலிஸ் கூப்பர் என்ற பெயரில் மேடையேறினார்கள். அப்போது அது குழுவின் பெயர். பாடகரின் பெயர் வின்சென்ட் ஃபர்னியர். குழுவின் பெயரையே பிற்பாடு தன் பெயராக்கிக்கொண்டார். நிகழ்ச்சியின் முடிவில் இறகுத் தலையணைகளைக் கிழித்து, வாயுவைப் பீய்ச்சி, இறகுகளைக் கூட்டத்தின் மேல் பறக்கவிடுவது அவர்கள் வழக்கம். அந்த இறகுப் புயலுக்கு நடுவே மேடையில் உயிருள்ள கோழி ஒன்று நின்றது.

அது எப்படி அங்கே வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. கூப்பர் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: நான் டெட்ராய்ட் நகரத்துக்காரன், பண்ணைப் பக்கமே போனதில்லை, இறக்கை இருந்ததால் பறக்கும் என்று நினைத்தேன். கோழியைத் தூக்கிக் கூட்டத்தின் மேல் வீசினார். அது பறந்து போகவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் அதைப் பிய்த்துத் துண்டுகளை மேடைக்கே திருப்பி எறிந்தார்கள்.

நான் திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அப்பாயி வளர்த்த கோழிகளோடு வளர்ந்தவன். பொழுது சாய்ந்ததும் அவற்றைப் பிடித்துப் பஞ்சாரத்தில் அடைப்பது என் வேலை. கோழியைப் பிடிக்கும்போது இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் உள்ளங்கையில் அதன் நெஞ்சு துடிப்பது தெரியும். தையல் இயந்திரம் ஓடுகிற வேகம். இறகுக்குள் இருக்கும் சூடு விரல்களுக்கு ஏறும். சிறிது நேரம் அசையாமல் வைத்திருந்தால் துடிப்பு மெல்லத் தணியும், கண்ணை மேல்நோக்கி மூடும். "காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதேடா, அதற்கும் பயம் இருக்கும்" என்பார் அப்பாயி. எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு உண்டு. அடிக்கிற அன்றைக்கும் அவர் அதை அணைத்துத்தான் எடுத்து வருவார். கோழி வேலியைத் தாண்டும், தாழ்ந்த கூரையில் ஏறும். உயரத்திலிருந்து விட்டால் இறக்கையை அடித்துக்கொண்டு சரிந்து இறங்கும். ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கைகள் மேலே நீண்டு நிற்கும்போது அது எங்கே போய் இறங்கும்?

மறுநாள் செய்தி வேறு வடிவம் எடுத்தது. ஆலிஸ் கூப்பர் மேடையில் கோழியின் தலையைக் கடித்துத் துப்பி, அதன் இரத்தத்தைக் குடித்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டுக்கொண்டிருந்த ஃபிராங்க் ஜாப்பா தொலைபேசியில் அழைத்து, அது உண்மையா என்று கேட்டார். இல்லை என்றார் கூப்பர். அதை யாரிடமும் சொல்லிவிடாதே என்றார் ஜாப்பா. கூப்பரே சொல்லும் கதை இது. மேடையில் பயங்கரக் காட்சிகளை நடத்தி அதிர வைக்கும், ஷாக் ராக் என்று பின்னால் பெயர் பெற்ற ராக் இசைக் கலை உலகப் புகழ் அடைந்த வழியில் இந்தப் பொய்ச் செய்திக்குப் பெரிய இடம் உண்டு. எனக்கோ கடித்தாரா இல்லையா என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மேடையேறச் சம்மதிக்காத ஒரு உயிர் அங்கே செத்தது.

இப்படி எழுதுகிற நான் இந்தக் கலையை முப்பது வருடமாக நேசிப்பவன். தொண்ணூறுகளில் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, எதிர் அறையில் இருந்த ஓர் அண்ணனிடம் ஒலிநாடா ஒன்று இருந்தது. அட்டையில் ஆலிஸ் கூப்பரின் முகம். கண்ணைச் சுற்றிக் கருப்பு மை. அதிலிருந்து சிலந்திக் கால்களைப் போலக் கோடுகள் கன்னத்தில் இறங்கின. "தம்பி, இவருடைய தலையை மேடையிலேயே வெட்டிவிடுவார்கள். அடுத்த பாட்டுக்கு எழுந்து வந்துவிடுவார்" என்றார் அண்ணன். அவரும் பார்த்ததில்லை, எங்கோ படித்திருந்தார். அந்த வெட்டு எப்படி இருக்கும் என்று எத்தனையோ இரவுகள் கற்பனை செய்திருக்கிறேன். அதை நேரில் பார்க்க எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கூப்பருக்கு முன்பே ஒருவர் இருந்தார். கிளீவ்லாந்தில் 1929இல் பிறந்த கறுப்பினப் பாடகர் ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ். புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர் பால் ரோப்சனைப் போல ஆப்பரா என்ற இசை நாடகத்தில் பாட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குரிய கனத்த குரலும் இருந்தது. 'ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ' என்ற பாடலை மென்மையான காதல் பாட்டாகத்தான் அவர் முதலில் பாடினார். 1956இல் அதை மறுபடி பதிவு செய்தபோது தயாரிப்பாளர் ஸ்டூடியோவுக்குச் சாப்பாடும் மதுவும் வரவழைத்தார். எல்லோரும் குடித்திருந்த நிலையில் ஹாக்கின்ஸ் உறுமினார், அலறினார், விம்மினார். அப்படிப் பாடியது அவருக்கே நினைவில்லை. இசைத்தட்டைக் கேட்டுத்தான் தன் பாட்டைத் தானே மறுபடி கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. தட்டு விற்றுக்கொண்டே இருந்தது.

அப்போது வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட், மேடையில் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து பாடினால் 300 டாலர் தருவதாகச் சொன்னார். ஹாக்கின்ஸ் முதலில் மறுத்தார். பிறகு படுத்தார். நீண்ட அங்கி, மூக்கில் எலும்பு, கோலின் நுனியில் ஹென்றி என்று பெயரிட்ட மண்டை ஓடு. கறுப்பின மக்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டும் பழைய கேலிச்சித்திரத்துக்கு இவரே உயிர் கொடுக்கிறார் என்று கறுப்பின உரிமைக்காகப் போராடியவர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. சக கலைஞர்கள் ஒரு முறை விளையாட்டாகப் பெட்டியைப் பூட்டிவிட, மூச்சு முட்டி உள்ளேயே போராடியதையும் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெட்டி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. ஆப்பரா மேடை கிடைக்கவே இல்லை. அந்தப் பாட்டைப் பாடகி நினா சிமோன் 1965இல் பாடியபோது, எழுதியவர் மனத்தில் முதலில் இருந்த காதல் பாட்டு வெளியே வந்தது. ஹாக்கின்ஸ் 2000 பிப்ரவரியில் பிரான்சில் இறந்தார். கூப்பர் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு மறுநாள் காலை கோல்ஃப் விளையாடப் போக முடிந்தது. உலகம் அதை ரசிக்கவும் செய்தது. ஹாக்கின்ஸுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஷாக் ராக்கின் கதையை எழுதுகிறவர்கள் அவரை முன்னோடி என்று ஒரு வரியில் வணங்கிவிட்டுக் கடந்து போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பயத்தை விற்கும் நாடகம் இவர்களோடு தொடங்கியதும் இல்லை. பாரிஸில் பிகால் பகுதியில், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில், 1897இல் கிராண்ட் கின்யோல் என்ற சிறிய நாடக அரங்கு தொடங்கியது. முந்நூறுக்கும் குறைவான இருக்கைகள். கண்ணைத் தோண்டுவது, கழுத்தை அறுப்பது, அமிலம் ஊற்றுவது எல்லாம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் நடந்தன. அன்றிரவு எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள் என்பதை வைத்தே நாடகத்தின் வெற்றியை அளந்தார்கள். 1962 வரை அது நடந்தது. அதன் நடிகை பவுலா மாக்ஸா ஆயிரக்கணக்கான முறை மேடையில் கொல்லப்பட்டவர். ஒவ்வொரு இரவும் எழுந்து வீட்டுக்குப் போனார். அந்தத் தொழில் நேர்த்திதான் எழுபதுகளில் ஆலிஸ் கூப்பர் குழுவுக்குக் கைவந்தது என்பது என் கணிப்பு.

வின்சென்ட் ஃபர்னியர் கிறிஸ்தவப் போதகரின் மகன். அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரப் பள்ளியில் நண்பர்களோடு சேர்ந்து அமைத்த குழு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. அங்கே ஒரு அரங்கில் இவர்கள் வாசிக்கத் தொடங்கியதும் கூட்டம் எழுந்து வெளியேறிவிட்டது. ஷெப் கார்டன் என்ற இளைஞர் அதைப் பார்த்தார். இத்தனை பேரை இத்தனை வேகமாக எழுப்ப முடிகிறதென்றால் இவர்களிடம் ஏதோ சக்தி இருக்கிறது என்று நினைத்து அவர்களுக்கு மேலாளரானார். 1972இல் லண்டன் வெம்ப்லி நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்கவில்லை. பாம்பைத் தவிர வேறெதுவும் உடுத்தாத கூப்பரின் பெரிய படத்தை ஒரு லாரியில் ஏற்றி, பிக்கடில்லி சர்க்கஸில் அந்த லாரி 'பழுதாகி' நிற்கும்படி ஏற்பாடு செய்தவர் இவர்தான். போக்குவரத்து நின்றது, பத்திரிகைகள் எழுதின, டிக்கெட் தீர்ந்தது. ஒழுக்கப் பிரசாரகர் மேரி வைட்ஹவுஸ் குழுவின் 'ஸ்கூல்ஸ் அவுட்' பாட்டைத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று போராடினார். கூப்பர் அவருக்குப் பூங்கொத்து அனுப்பினார். பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

விளம்பரத் தந்திரங்களைவிட எனக்கு முக்கியம் அவர்கள் மேடைக்கு எழுதிக்கொண்ட கதை. ஆலிஸ் என்ற வில்லன் குற்றம் செய்கிறான். பொம்மைக் குழந்தைகளைக் கோடரியால் வெட்டுகிறான். அதற்காக ஒவ்வொரு இரவும் தண்டிக்கப்படுகிறான். முதலில் மின்சார நாற்காலி, பிறகு தூக்குமேடை, 1973 முதல் கில்லட்டின், அதாவது மேலிருந்து கத்தி விழுந்து தலையை வெட்டும் மரச்சட்டம். தண்டனை இல்லாமல் நிகழ்ச்சி முடிவதில்லை. போதகரின் வீட்டில் வளர்ந்த பையன் கட்டிய கதை அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இறுதியில் வெள்ளைக் கோட்டும் உயரத் தொப்பியுமாக அவன் திரும்பி வருகிறான்.

கில்லட்டினை உருவாக்கித் தந்தவர் மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி. பேய், ஆவி, அற்புத சக்தி என்று ஏமாற்றுகிறவர்களை அம்பலப்படுத்துவதையே பின்னாளில் வாழ்க்கைப் பணியாகக் கொண்ட அதே ராண்டி. சுற்றுப்பயணத்தில் கூடவே போய் முகமூடி அணிந்து மரண தண்டனையை நிறைவேற்றுபவராகவும் அவரே நடித்தார். அவர் 1928இல் டொரண்டோவில் பிறந்தவர் என்று தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கோழி செத்த ஊரில்தான் அந்தக் கத்தியைச் செய்தவரும் பிறந்திருக்கிறார்.

மாயவித்தைக்காரர்களுக்கு இது பழகிய நிலம். ஹாக்கின்ஸ் தன் பாட்டைப் பதிவு செய்த அதே 1956இல், கொல்கத்தாவின் பி.சி.சர்க்கார் லண்டனில் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் காட்டினார். அந்தப் பெண் எழுவதற்குள் நிகழ்ச்சி சட்டென்று முடிந்துவிட்டது. பெண் செத்துவிட்டாள் என்று நினைத்த மக்கள் பி.பி.சி.யைத் தொலைபேசியில் அழைத்துத் திணறடித்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கீறல்கூட இல்லை. ராண்டி வந்தது இந்தப் பள்ளியிலிருந்துதான். பார்ப்பவர் மனம் முழுவதும் நம்ப வேண்டும், மேடையில் இருப்பவர் உடம்பு முழுவதும் காக்கப்பட வேண்டும் என்பது அங்கே பாலபாடம்.

கூப்பரின் கத்தி போலி இல்லை. ஏறக்குறைய 18 கிலோ எடையுள்ள உலோகத் தகடு. கழுத்துக்குச் சில அங்குலம் தள்ளித்தான் விழுகிறது என்று அவர் பேட்டிகளில் சொல்கிறார். அந்தச் சில அங்குலத்தில்தான் இந்தக் கலை இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியும் அந்தச் சட்டத்துக்குள் அவர் தலையை வைத்துக்கொண்டிருந்தார்.

கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த உலகத்தில் கதைகள் நிறைய. ஆங்கிலேயப் பாடகர் ஆர்தர் பிரவுன் தலையில் எரியும் கவசத்தோடு பாடுவார். 1967இல் இங்கிலாந்தில் வின்ட்சர் விழாவில் எரிபொருள் வழிந்து தலையே தீப்பிடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பீரை ஊற்றி அணைத்தார்கள். 1973இன் கடைசி இரவில் நியூயார்க்கில், கிஸ் என்ற ராக் குழுவின் ஜீன் சிமன்ஸ் வாயிலிருந்து தீ உமிழும்போது முடி பற்றிக்கொண்டது. ராம்ஸ்டைன் என்ற ஜெர்மானியக் குழுவின் மேடையில் 1996இல் பெர்லினில் எரியும் அலங்காரம் சரிந்து விழுந்த பிறகு, பாடகர் டில் லிண்டமன் முறையாகப் பயின்று வெடிக்கலைக்கான உரிமம் பெற்றார். இதைப் படித்தபோது அவர் மீது எனக்கு மரியாதை கூடியது.

கூப்பருக்கே 1988இல் லண்டன் ஒத்திகையில் அது நேர்ந்தது. தூக்குமேடை வித்தையில் உடம்பைத் தாங்குவது உடைக்குள் கட்டிய கவசமும் அதை மேலே இழுத்துப் பிடிக்கும் மெல்லிய பியானோக் கம்பியும்தான். கழுத்துக் கயிறு வெறும் காட்சிக்கு. கம்பியை அடிக்கடி மாற்ற வேண்டும், யாரும் மாற்றவில்லை. அன்று அது அறுந்தது. கயிறு இறுகுவதை உணர்ந்த கணத்தில் அவர் தலையைப் பின்னால் சாய்க்க, கயிறு தாடையை உரசிக்கொண்டு நழுவியது. கீழே விழுந்து நினைவிழந்தார். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கம்பியைத் தடவிப் பார்த்திருந்தால் போதும்.

ராக் பாடகர் ஓஸி ஓஸ்பர்னின் வௌவால் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1982 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் டெ மாய்ன் நகரில் யாரோ மேடைக்கு எறிந்த வௌவாலை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்துவிட்டு, வெறிநாய்க்கடி ஊசிகள் போட்டுக்கொண்டார். 2025 ஜூலையில் அவர் இறந்தபோதும் பல இரங்கல் செய்திகளில் வௌவால் முன்னால் வந்து நின்றது. அத்தனை நல்ல பாடல்கள் பாடியவருக்கு அது நியாயமில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஓர் இசைத்தட்டு நிறுவனக் கூட்டத்தில் அவர் புறாவின் தலையைக் கடித்ததை நான் மன்னிக்கவில்லை. அந்தப் புறா தவறுதலாகக் கிடைத்தது இல்லை. நார்வேயில் 1992 முதல் மரத்தாலான பழைய தேவாலயங்களைக் கொளுத்திய இசைக்காரர்களை நான் இந்தப் பேச்சிலேயே சேர்ப்பதில்லை. அவர்கள் செய்தது குற்றம், அவ்வளவுதான்.

மாறாக, குவார் என்ற ராக் குழுவைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரத்தில் 1984இல் கலைக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது. ரப்பரில் செய்த ராட்சச உடைகளை அணிந்து, அரசியல் தலைவர்களின் பொம்மைகளை மேடையில் வெட்டிச் சாய்ப்பார்கள். பொம்மைகளிலிருந்து கெட்டியான சாயத் தண்ணீர் முன்வரிசை மீது பீறிடும். ரசிகர்கள் வேண்டுமென்றே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நனைந்து, கறையோடு அதைப் பத்திரப்படுத்துவார்கள். அங்கே நனைகிற ஒவ்வொருவரும் நனையச் சம்மதித்து வந்தவர்கள்.

நான் கடைசியில் கூப்பரைப் பார்த்தது டொரண்டோவில்தான். பக்கவாட்டு இருக்கை. முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாத கோணம் எனக்குக் கிடைத்தது. கைகளைக் கட்டி அவரை இழுத்து வந்தார்கள். சட்டத்தில் கழுத்தை வைத்துப் பூட்டினார்கள். கத்தி மேலேயே நின்றது; விளக்கு அதன் விளிம்பில் மட்டும் விழுந்தது. நான் என்ன நடக்கும் என்பதை வரிவரியாகப் படித்தவன். கத்தி விழுந்த சத்தத்தில் என் கை தானாக என் கழுத்துக்குப் போனது. முகமூடிக்காரர் தலையை முடியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்து வயதுச் சிறுமி அவள் தந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் வெள்ளைக் கோட்டில் அவர் திரும்பி வந்தபோது முதலில் எழுந்து கைதட்டியதும் அவள்தான். பெரிய பலூன்கள் கூட்டத்தின் மேல் உருண்டன. மேடைக்குத் திரும்பியவற்றை அவர் வாளால் குத்த, காகிதத் துணுக்குகள் பறந்தன. ஒரு கணம் அவை இறகுகளாகத் தெரிந்தன.

எல்லோரும் வெளியேறிய பிறகும் நான் சற்று நேரம் நின்றேன். மேடைத் தொழிலாளிகள் இருவர் கில்லட்டினைப் பக்கவாட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் சட்டத்தின் குறுக்கே ஒரு கட்டையைச் செருகி, அதைக் கையால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். இளைஞரிடம் ஏதோ கேட்டார். இளைஞர் குனிந்து பார்த்துப் பதில் சொன்னார். அதன் பிறகுதான் கயிற்றை மெல்ல விட்டு, கத்தியைக் கட்டையின் மேல் சத்தமில்லாமல் இறக்கினார்கள்.